வியாதி வந்திருக்கு, ஆள் எங்க?

“வியாதி மட்டும் வந்திருக்கு. ஆள் எங்க?”

டாக்டரம்மா ஹெதியாவின் காலை வணக்கம் இதுதான். நாபுல் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், பீங்கான் தட்டுக் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, வருஷக்கணக்காக தினமும் இதையே சொல்லிப் புலம்புகிறார். வேறு ஊர் டாக்டர்களுக்கு வேறு கவலை இருக்கும். நர்ஸ் வரவில்லை, மருந்துக்குத் தட்டுப்பாடு, வரி கட்டச் சொல்கிறார்கள் என்று. இவருக்கு நோயாளி இல்லை என்பதுதான் கவலை. காத்திருக்கும் அறையில் நிற்க இடம் இருக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நோயாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் வியாதி ஒருவருக்கு வரும், டாக்டரிடம் இன்னொருவர் போவார். புருஷனுக்கு இருமல் என்றால் பெண்டாட்டி வருவாள். மாமியாருக்கு முதுகுவலி என்றால் மருமகள் வருவாள். கேட்டால் கடையை விட்டு வர முடியவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை, வெயில், மழை, கால்பந்து மேட்ச் என்று ஆளுக்கொரு காரணம். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். நேரில் போனால் டாக்டர் தொட்டுப் பார்ப்பார். தொட்டுப் பார்த்தால் எதையாவது கண்டுபிடிப்பார். ஆள் அனுப்பினால் மருந்து மட்டும் வீட்டுக்கு வரும், புது வியாதி வராது. இவ்வளவு கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஏன் இன்னும் பணக்காரர்கள் ஆகவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எங்கள் தெருவில் ஒருத்தி தன் புருஷனின் இருமலைக் கொண்டுவந்தாள். கையில் அல்ல, தொண்டையில். காலையில் அவர் எப்படி இருமுவார், படுக்கப் போகும்போது எப்படி இருமுவார் என்று இரண்டு விதமாக இருமிக் காட்டினாள். டாக்டர் கடைசிவரை கேட்டார்.

“நல்லா இருமுற. உனக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு. சந்தோஷமா வீட்டுக்குப் போ. இருமலுக்குச் சொந்தக்காரரை வரச் சொல்லு.”

இன்னொருவன் தன் அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அம்மாவின் செருப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். வார் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று பார்க்கவாம். ஒரு பையனுக்கு முகம் முழுக்கப் பரு. வெட்கப்பட்டு அக்காவின் போனில் படம் அனுப்பியிருந்தான். “களிம்பு எழுதித் தர்றேன், போனுக்குத் தடவு” என்றார் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை உடம்பு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்க வேண்டும் அல்லவா? அதற்கும் மாப்பிள்ளையின் அம்மாதான் வந்தாள்.

“கல்யாணத்தன்னைக்காவது அவன் வருவானா, அதுக்கும் நீங்கதானா?” என்று கேட்டார் டாக்டர். அந்த அம்மாள் ஒரு வாரம் கோபமாக இருந்தாள். அப்புறம் தன் ரத்தக் கொதிப்புக்கு மருந்து வாங்கி வரச் சொல்லி மகளை அனுப்பினாள்.

ஹெதியா பார்க்கக் குள்ளம். தடித்த கண்ணாடி. தலைமுடியை வாரினாரா, இல்லை அப்படியே விட்டுவிட்டாரா என்று சொல்ல முடியாது. தலைநகர் துனிஸில் படித்துவிட்டு அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம். திரும்பி வந்து எங்களோடு மல்லுக்கட்டுகிறார். பிறந்த குழந்தைக்கு ஊசி போடுவார். அதே கையோடு அதன் கொள்ளுத்தாத்தாவின் காதில் அழுக்கு எடுப்பார். பரீட்சை சமயத்தில் வயிற்றுவலி வரும் பிள்ளைகளுக்கு அது எந்தப் பாடத்தால் வந்த வலி என்று சொல்லிவிடுவார். எந்தப் பெண்ணுக்கு எந்தப் பிரசவத்தில் என்ன ஆனது, எந்த வீட்டு ஆண்களுக்கு எந்த வயதில் நெஞ்சுவலி வரும், யார் வீட்டில் மாத்திரையைப் பூந்தொட்டியில் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத உடம்பு கிடையாது” என்று அவ்வப்போது சொல்லிக்கொள்வார். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். இருக்கட்டும், எங்களுக்கு அதனால் நஷ்டமில்லை.

அவர் அறையில் இரண்டு நாற்காலிகள். மேஜைக்குப் பக்கத்தில் இருப்பது நோயாளிக்கு. கதவோரம் இருப்பது கூட வந்தவருக்கு. நோயாளி நாற்காலி இன்றைக்கும் புதுசு போல இருக்கிறது. கூட வந்தவர் நாற்காலிக்கு இதுவரை எத்தனை தடவை மெத்தை மாற்றினார்கள் என்று கணக்கில்லை.

அந்தக் கதவோர நாற்காலியில் எல்லோரையும்விட அதிகமாக உட்கார்ந்தவர் மொன்சிஃப்.

மிளகாய் மண்டி ஹாஜி ஷெத்லியின் தம்பி அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மொட்டைமாடி அறையில் இருக்கிறார். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. மொன்சிஃபின் வேலை வரிசையில் நிற்பது. மின்சாரக் கட்டணமா, நகராட்சி முத்திரையா, மருந்துக் கடையா, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதா, மொன்சிஃப் போவார். டாக்டரிடமும் அவர்தான். வாரம் தவறாமல் வந்து, கதவோரம் உட்கார்ந்து, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல ஒப்பிப்பார். அண்ணனுக்குக் கால் எரிச்சல், அண்ணிக்குத் தலைசுற்றல், மருமகளுக்குப் பால் கட்டியிருக்கிறது, சின்னவனுக்கு மூக்கு ஒழுகுகிறது, அத்தைக்கு மலச்சிக்கல். ஒரு வார்த்தை கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார்.

டாக்டரும் அவரிடம் மட்டும் கொஞ்சம் இறங்கி வருவார். “ஆள் எங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு மொன்சிஃப் அண்ணே. அந்த வீட்டுல விஷயத்தை ஒழுங்கா சொல்றது நீங்க ஒருத்தர்தான்” என்பார். அவர் தலையாட்டிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, மருந்துக் கடை வரிசைக்குப் போய்விடுவார்.

ஹாஜி ஷெத்லிக்கு வருவோம். பெரிய சரீரம், பெரிய குரல், பெரிய சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அவருக்கு ஒரே பெருமை, பத்து வயதிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்லை என்பது. அந்தப் பெருமையை மண்டியில் மிளகாயோடு சேர்த்து நிறுத்துக் கொடுப்பார். போன ரமலானில் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் ரகசியமாக நோன்பு பிடித்தார். நோன்பு திறக்கும் பாங்கு சொன்னதும் சூப்புக் கிண்ணத்தை எடுத்தார், எடுத்தபடியே கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துவிட்டார். பசி என்று நினைத்து வீட்டில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டார்களாம். அப்புறம்தான் அவர் சாப்பிடவில்லை, மயங்கியிருக்கிறார் என்று தெரிந்தது.

அதனால் இந்த வருஷம், நோன்புக்குக் கொஞ்ச நாள் முன்பே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “மூணு மாசச் சர்க்கரை டெஸ்ட் எடுங்க. கிட்னி, ரத்த அளவு எல்லாம் எடுங்க. ரிப்போர்ட் நல்லா இருந்தா பேசலாம். இல்லைன்னா ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்க, அல்லாஹ் ஏத்துப்பான்.”

ஏழைகளுக்குச் சாப்பாடு போட ஹாஜிக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேச முடியாதே.

அன்று காலை நானும் அங்கே இருந்தேன். என் நாத்தனாரின் முழங்காலைக் கொண்டுபோயிருந்தேன். ஹாஜி ஷெத்லி நேரில் படியேறி வந்தார். அறையே எழுந்து பார்த்தது. கையில் பேரீச்சை வைத்த மக்ரூத் இனிப்பு டப்பா, சிவப்பு நாடா கட்டியது. நேராக உள்ளே போனார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. பாராட்டைக் கூட்டம் கேட்கட்டும் என்று நினைத்திருப்பார்.

“பார்த்தீங்களா டாக்டரம்மா, ரிப்போர்ட்டு? அல்லாஹ் நாடினா என்ன வேணா நடக்கும்.”

“பார்த்தேன். லேப்ல இருந்து காலையிலேயே பதறிப்போய் போன் பண்ணாங்க. சர்க்கரை சின்னப் பையனுக்கு இருக்கற மாதிரி இருக்கு.”

“துவா பலிச்சிருக்கு.”

“கிட்னியும் புதுசா மாத்தின மாதிரி இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“ரத்தம் மட்டும் பாதிகூட இல்லை. இவ்வளவு கம்மியா ரத்தம் இருக்கறவர் அந்தப் படியில ஏறியிருந்தா நடுவுல உட்கார்ந்திருப்பார். நீங்க ஒட்டகம் மாதிரி ஏறி வந்திருக்கீங்க. குனிங்க.”

ஹாஜி குனிந்தார். டாக்டர் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே மாதுளை மாதிரி சிவப்பு.

“பேர் உங்களது. ரத்தம் யாரோடது?”

“என்ன கேள்வி இது? என் பேர்தானே போட்டிருக்கு?”

“அப்ப உங்க ரத்தம்தான்னு அல்லாஹ் மேல ஆணையிட்டுச் சொல்லுங்க.”

ஹாஜி ஷெத்லி ஒரு கிலோ மிளகாய்க்கு மூன்று தடவை ஆணையிடுகிறவர். அன்று ஆணையிடவில்லை. டப்பா நாடாவின் முடிச்சை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்புறம் “லேப்காரன் குழப்பிட்டான்” என்று முனகிவிட்டு எழுந்து போய்விட்டார். மக்ரூத் டப்பாவையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கியது. முகத்தில் வழக்கமான எரிச்சல் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

“இன்னைக்கு இவ்வளவுதான். வீட்டுக்குப் போங்க. ஒருத்தர் ரத்தமில்லாம நடமாடிட்டிருக்கார், யாருன்னு தெரியலை. அவர் எங்கேயாவது விழறதுக்குள்ள கண்டுபிடிக்கணும்.”

சொல்லிவிட்டுப் படி இறங்கினார். காத்திருந்தவர்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் பின்னாலேயே போனோம். எங்கள் ஊரில் நேரில் போய்ப் பார்க்கும் ஒரே விஷயம் அடுத்த வீட்டுச் சண்டைதான்.

ஹாஜி வீட்டில் நோன்புக்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மெத்தை, பீரோ, அண்டா எல்லாம் முற்றத்தில் கிடந்தன. ஹாஜியின் மனைவி தலீலா தரையில் உட்கார்ந்து கொத்தமல்லியும் சீரகமும் புடைத்துக்கொண்டிருந்தாள். ஹாஜி எங்களுக்கு முன்னே வந்து சேர்ந்து ஒரு பீரோவுக்குப் பின்னால் நின்றார்.

டாக்டர் முற்றத்து நடுவில் நின்றுகொண்டு சொன்னார். “யார் நோன்பு பிடிக்கறாங்க, யார் ஏமாத்தறாங்க, எனக்கு அது வேண்டாம். மறுமையில அல்லாஹ் பார்த்துப்பான். இந்த வீட்டுல யாரோ ஒருத்தருக்கு உள்ள எங்கேயோ ரத்தம் போய்ட்டிருக்கு. அது யாருன்னு தெரியாம நான் போக மாட்டேன். எல்லாரும் வரிசையா நில்லுங்க.”

அந்த வீட்டில் வரிசையில் நின்று பழக்கமில்லை, அதற்கு ஆள் இருக்கிறது என்று முன்னமே சொன்னேனே. முட்டி மோதிக்கொண்டு ஒருவழியாக நின்றார்கள். டாக்டர் ஒவ்வொருவர் இமையாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கைக்குழந்தையைப் பார்த்தார், “இவனுக்குத் தடுப்பூசி போட்டாச்சா? ஏன் போடலை?” என்றார். பெரிய பேத்தியைப் பார்த்தார், “கீரை சாப்பிடறியா, இல்லை போனையே சாப்பிடறியா?” என்றார். தலீலாவைப் பார்த்தார், “தலைசுத்தல் உனக்கு ரத்தத்தால வரலை, ராத்திரி பூரா சீரியல் பார்க்கறதால வருது” என்றார்.

ஹாஜியின் அத்தை ஃபத்தூமாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. தன் முறை வந்ததும், “யாருக்கு ஓட்டுப் போடணும்?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான் போடணும், கண்ணைத் திறங்க.”

“நீ யாரு?”

“ஹெதியா.”

“அடிப் பாவி, நீயா? போன வாரம் நீ குடுத்த மருந்துல மூணு நாள் எழுந்திருக்கவே முடியலை.”

“மொன்சிஃப் அண்ணன் சொன்னதுக்குக் குடுத்தேன். உங்களுக்கு மலச்சிக்கல்னு.”

“எனக்கு இல்லை. தலீலாவுக்கு.”

தலீலா சீரகத்தை வேகமாகப் புடைத்தாள்.

அத்தையின் இமையும் சிவப்புதான். எல்லோருக்கும் சிவப்பு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹாஜி பீரோவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். கடைசியில் அவரே வாயைத் திறந்தார். அல்லாஹ்வுக்குப் பயந்தா, அல்லது ரத்தம் தன் பிள்ளையுடையது என்று பயந்தா, எனக்குத் தெரியாது.

“லுத்ஃபியைத்தான் அனுப்பினேன்.”

லுத்ஃபி அவர் மகன். மிளகாய் மூட்டை இரண்டை ஒரே தோளில் தூக்குகிறவன். அவனுடைய மனைவி வஃபா கையிலிருந்த குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் ஒரு எட்டில் அவனிடம் போய், மறுபடியும் இரண்டு இமைகளையும் இழுத்து, நகத்தை அழுத்தி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

“இவன் உடம்புல ரெண்டு பேருக்கான ரத்தம் இருக்கு. லுத்ஃபி, நீ போகலைதானே?”

லுத்ஃபி வஃபாவுக்குப் பின்னால் நகர்ந்தான்.

“சொல்லு தம்பி. யார் உயிரோ போகும்.”

“ஊசின்னா… எனக்கு ஒத்துக்காது டாக்டரம்மா.”

வஃபா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். “பிரசவத்துல நான் கத்தினப்ப ‘இதுக்கா கத்தற’ன்னு கேட்டாரே, அவர் இவர்தான்.”

“நீ போகலைன்னா யார் போனது?”

“மொன்சிஃப் சாச்சா சும்மாதானே இருந்தார். வழக்கமா எல்லாத்துக்கும் அவர்தானே போவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் புது லேபுக்குப் போங்க, அங்க நம்ம முகம் தெரியாதுன்னு சொல்லி அனுப்பினேன்.”

தலீலா முறத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “கொஞ்ச மாசமா மாடிப்படியில பாதியிலேயே உட்கார்ந்துடறார். கேட்டா ‘காத்து நல்லா வருது’ங்கறார். சோம்பேறித்தனம்னு நினைச்சேன். திட்டக்கூட செய்தேன்.”

“எங்க அவர்?”

ரவை வாங்கப் போயிருந்தார். எங்கே இருப்பார், வரிசையில்தான்.

லுத்ஃபி ஓடத் தயாரானான். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. மொன்சிஃப் ரவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் யாருக்கோ மௌத்து என்று நினைத்திருப்பார். பையை இறக்கிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். வாயால் மூச்சு வாங்கினார். வெள்ளையடித்த சுவருக்குப் பக்கத்தில் அவர் முகம் தனியாகத் தெரியவில்லை. வாரா வாரம் அவரைப் பார்க்கும் எங்களில் ஒருத்திக்கும் அது இதுவரை கண்ணில் படவில்லை.

டாக்டர் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“மொன்சிஃப் அண்ணே, எப்படி இருக்கீங்க?”

“அண்ணனுக்கு நேத்து கால் எரிச்சல் கொஞ்சம் தேவலை. சின்னவனுக்கு ராத்திரி காது வலி…”

“உங்களைக் கேட்டேன்.”

மொன்சிஃப் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். முட்டி மட்டும் வலிக்கும்.”

“முட்டிக்கு என்ன சாப்பிடறீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே விதவிதமான மாத்திரைகள். அண்ணனின் இடுப்புவலிக்கு வாங்கி மிச்சமானது, லுத்ஃபிக்குப் பல் பிடுங்கியபோது மிச்சமானது, அண்ணியின் கழுத்துக்கு, அத்தையின் தோளுக்கு. எல்லாம் வலி மாத்திரை. எல்லாம் அவர் வரிசையில் நின்று வாங்கி வந்தவை.

“வீணாப் போகுதேன்னு எடுத்துப்பேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டா சீக்கிரம் கேக்குது.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். “மலம் கருப்பாப் போகுதா?”

“டாக்டரம்மா, பொம்பளைங்க நிக்கறாங்க.”

“அவங்க எல்லாரும் போயிட்டுத்தான் வந்திருக்காங்க. சொல்லுங்க.”

“தார் மாதிரி போகும். மிளகாய் மண்டிக்காரங்க வீடு, அதனாலன்னு நினைச்சேன்.”

மாத்திரை வயிற்றில் புண்ணைப் பண்ணி, புண்ணிலிருந்து மாதக்கணக்காக ரத்தம் கசிந்திருக்கிறது. டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மிளகாய் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மெத்தைதான் முற்றத்திலேயே கிடந்ததே, அதைத் தூக்கி வண்டியில் போட்டு மொன்சிஃபைப் படுக்கவைத்தார்கள். அவர் போகும்போதும், “ரவையை ஈரத்துல வைக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றின ரத்தத்துக்குப் பதிலாக வீட்டார் ரத்தம் கொடுக்க வேண்டும், அது அங்கே சட்டம். ஹாஜி கையை நீட்டினார். சர்க்கரைக்காரர், வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். தலீலாவுக்கு வயது அதிகம். வஃபா பால் கொடுக்கிறாள். எல்லோரும் லுத்ஃபியைப் பார்த்தார்கள்.

“வேற யாராவது…” என்று ஆரம்பித்தான்.

“யாரு?” என்றாள் வஃபா. “உன் சாச்சாவை அனுப்பட்டுமா?”

அவன் போனான். ஊசியைப் பார்த்ததும் விழுந்தான். எழுப்பி உட்காரவைத்துக் குத்தினார்கள், மறுபடி விழுந்தான். ரத்தம் மட்டும் நன்றாக வந்ததாம். வஃபா அவன் கையைப் பிடித்துக்கொண்டு “இதுக்கா கத்தற?” என்று கேட்டதாக எங்கள் தெரு முழுக்கச் செய்தி. செய்தியைப் பரப்பியது வஃபாதான்.

குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஏதோ ஒரு வரிசையில் நிற்கும்போதே விழுந்து போயிருப்பார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். முன்னால் நின்றவர் வரிசையை விட்டுவிடக் கூடாதே என்று திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நோன்பு வந்தது. மொன்சிஃபுக்கும் நோன்பு கூடாது என்றார்கள். ஹாஜிக்கும் கூடாது. அண்ணனும் தம்பியும் மத்தியானம் சமையலறையில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாமல் திரையை இழுத்துவிட்டு, திருடர்கள் மாதிரி உட்கார்ந்து ரவை கூஸ்கூஸ் சாப்பிட்டார்கள். ஹாஜி டீக்கடைப் பக்கம் ஒரு மாதம் போகவில்லை. ஆனால் ஏழைகளுக்கான சாப்பாட்டை அந்த ஒரு மாதமும் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். மொன்சிஃப் போகிறேன் என்றதற்கு, “நீ உட்காருடா” என்று சத்தம் போட்டதை நான் எங்கள் மாடியிலிருந்து கேட்டேன்.

டாக்டர் ஹெதியா என்ன செய்தார் என்றால், கொஞ்ச நாள் “ஆள் எங்க?” என்று கேட்கவே இல்லை. எங்களுக்கு வாயில் உப்பில்லாத மாதிரி இருந்தது. நாத்தனாரின் முழங்கால் விஷயமாக மறுபடி போனபோது நானே கேட்டேன்.

“என்ன டாக்டரம்மா, திட்டவே மாட்டேங்கறீங்க?”

“யாரைத் திட்ட? அந்த மனுஷன் வாரா வாரம் என் எதிர்ல உட்கார்ந்திருந்தார். அவர்கிட்டயே ஆள் எங்கன்னு கேட்டிருக்கேன். எத்தனை தடவை.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து, அந்தக் கதவோர நாற்காலியைத் தூக்கினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கீழே தட்டுக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டோம். அவர் அதன்மேல் சூப்புக் கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கிறார்.

இப்போது அந்த அறையில் ஒரே நாற்காலிதான். யாருடைய வியாதியைக் கொண்டுபோனாலும் அதில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்த உடனே டாக்டர் வாயைத் திறக்க விடாமல் ரத்தக் கொதிப்பு பார்க்கிறார், இமையை இழுக்கிறார், கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்கிறார். “புருஷன் இருமல் அப்புறம். முதல்ல நீ.” முதல் நாளே எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் முழங்காலுக்குப் போனவள்.

ஒரு மாதத்தில் தூது போகும் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மாமியாருக்காகப் போய்த் தனக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வர எந்த மருமகளுக்கு ஆசை? “உங்க வலி, நீங்களே போங்க” என்று வீட்டுக்கு வீடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது எங்கள் ஊர் ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறுவதைத் தட்டுக் கடை வாசலில் நின்று பார்க்கலாம். வேறு பொழுதுபோக்கே வேண்டாம். மொன்சிஃபும் மாதம் ஒரு தடவை போகிறார். சொல்வதற்குத் தன் உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லாததால் சீக்கிரமே திரும்பி வந்துவிடுகிறார்.

நாபுல் பக்கம் வந்தால் நீங்களும் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பின்னால், நீலத் தட்டுகளை வாசலில் அடுக்கிய கடை. பக்கத்தில் குறுகலான மாடிப்படி. செருப்பு, போட்டோ, அடுத்தவர் இருமல் எதையும் கொண்டுபோக வேண்டாம், வைக்க இடமில்லை. படியின் நடுவில் மூச்சு வாங்கினால், உள்ளே போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள். வேறு யாரையும் அனுப்பாதீர்கள். நீங்களே போங்கள்.